பல்லுக்கு ஒரு ப, பல்புக்கு ஒரு ப

“ஜெபிப்போம். எல்லாரும் கண்ணை மூடுங்க. கிங்ஸ்லின், உன்னையும் சேத்துத்தான் சொல்லுதேன்” என்று ஜெயசீலி டீச்சர் சொன்னதும், ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் வாலிபர் ஐக்கியம் மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டது, லீதியாளும் மூடினாள், கண்ணை மூடியதும் காது திறந்துகொண்டது. சற்று முன்னால் ஒத்திகையில் ரெனிஷ் முழங்காலில் விழுந்து சொன்ன வசனம், மூன்று வாரமாக அவளே சொல்லிக்கொடுத்து அவளே கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்த வசனம், இப்போது இருட்டுக்குள் தனியாக வந்து நின்றது. பாப், மைனே பாப் கியா ஹை. அப்பா, நான் பாவம் செய்தேன். வீட்டைவிட்டுப் போன மகன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுத் திரும்பி வந்து அப்பா காலில் விழுகிற கட்டம். அவர்கள் போய் நாடகம் போடப்போகிற சத்தீஸ்கர் கிராமத்து ஜனங்கள் இந்த இடத்தில் கண்டிப்பாக அழுதுவிடுவார்கள் என்று சபைப் போதகரான ஐயர் முதல் மைக்செட்காரர் வரை எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த கட்டம். ஹிந்தியில் முதல் பாப் அப்பா, அடுத்த பாப் பாவம். முதலாவதற்கு பல்பில் வருகிற ப, அடுத்ததற்குப் பல்லில் வருகிற ப. ரெனிஷ் இரண்டுக்கும் பல்லையே போட்டிருந்தான். பாவமே, நான் பாவம் செய்தேன் என்று மனமுருகிச் சொல்லியிருந்தான், கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்திருந்தது, அப்பா வேஷத்துக்குப் பஞ்சுத் தாடி ஒட்டிய கிங்ஸ்லின் அவனைத் தூக்கிக் கட்டிப்பிடித்திருந்தான், எல்லாரும் கைதட்டியிருந்தார்கள், எல்லாருக்கும் மேலே கைதட்டியது லீதியாள். ஐயையோ என்று தொண்டைவரை வந்ததை ஸ்தோத்திரம் என்று மாற்றி வெளியே விட்டாள். பக்கத்தில் நின்ற பெர்சிஸ் அதற்கு ஓர் ஆமென் போட்டாள்.

“எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே” என்று டீச்சர் ஆரம்பித்தார், ஆரம்பித்த தொனியிலேயே இது சீக்கிரம் முடிகிற ஜெபம் இல்லை என்று தெரிந்தது, கால் மாற்றி நிற்கிற செருப்புச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. சின்ன ஜெபம் என்றால் டீச்சர் “ஆண்டவரே” என்று தொடங்குவார், “அன்பின்” வந்துவிட்டால் சிருஷ்டிப்பிலிருந்து வரவேண்டும். நல்லது, வரட்டும், மெதுவாக வரட்டும், யோசிக்க நேரம் வேண்டும் என்று லீதியாள் நினைத்தாள், ஆனால் யோசனை யோசிக்க வேண்டியதை விட்டுவிட்டு விசிறியைப் பற்றி யோசித்தது, அது ஏன் இப்படிக் கடகடக்கிறது, மஸ்கட் அலுவலகத்தில் ஏசிக்குக் குரலே கிடையாது, அங்கே இருந்தவரை இந்தக் கடகடப்புக்கு ஏங்கினாள், இங்கே வந்ததும் அது தலைவலி. வியாழக்கிழமை ரயில். வாலிபர்கள் எல்லாருக்கும் சீட்டு உறுதியாகிவிட்டது, பெண்பிள்ளைகளுக்குத் துணையாகப் பெரிய பெண் ஒருத்தி போகவேண்டும், அதற்கு ஒரு பெர்த் இருக்கிறது, அது ஜெயசீலி டீச்சருக்கா லீதியாளுக்கா என்று இந்த ஜெபம் முடிந்ததும் ஐயர் அறிவிப்பார். இந்த ஹாலில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். டீச்சர் அந்தக் காலத்தில் ஹிந்தி மத்யமா பரீட்சை வரை பாஸ் செய்தவர், பாஸ் செய்தபிறகு ஒரு ஹிந்திக்காரரைக்கூட நேரில் சந்திக்கும் துர்ப்பாக்கியம் அவருக்கு ஏற்படவில்லை. லீதியாளின் ஹிந்தி மஸ்கட் குடோனில் பீகார் டிரைவர்களிடமும் உத்தரப்பிரதேசத்து மூட்டைக்காரர்களிடமும் சண்டை போட்டு வளர்ந்த ஹிந்தி. சீக்கிரம் வா, இதை எவன் இங்கே வைத்தான், நாளைக்கு என்று நேற்றும் சொன்னாயே, இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இயேசு உன்னை நேசிக்கிறார் என்று சொல்லவேண்டி வந்தபோதுதான் அவளிடம் மென்மையாக ஒரு வாக்கியம்கூட இல்லை என்பது தெரிந்தது, பெர்சிஸ் முதல் நாளே கேட்டாள், “ஆன்ட்டி, நீங்க சொல்லும்போது இயேசு நம்மளைப் புடிச்சித் திட்டுத மாதிரி இருக்கே?”

“ஆண்டவரே, எங்கள் மத்தியிலே பல தேசங்களைப் பார்த்தவர்களும் உண்டு” என்று டீச்சர் மேலே ஏறினார், “இந்தச் சபைச் சேகரத்தைவிட்டு எங்கேயும் போகாமல், அசன விருந்துக்கு அண்டா கழுவி, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டவர்களும் உண்டு, யார் யார் எவர் எவர் என்று நீர் அறிவீர்.” ஆண்டவர் அறிவார், ஹாலும் அறியும். பக்கத்துவீட்டுக்காரிக்குச் சொல்லவேண்டியதைப் பரலோகத்துக்குச் சொல்வதுபோல் சொல்கிற இந்தக் கலையில் டீச்சரை அடிக்க ஆள் கிடையாது, குறுக்கே பேசமுடியாது, கண்ணைக்கூடத் திறக்கமுடியாது, திட்டு முடிந்ததும் ஆமென் வேறு சொல்லவேண்டும். லீதியாளுக்குக் கோபம் வரவில்லை. நியாயமும் இருந்தது. அவள் திரும்பி வந்து இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது, இன்னமும் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பது ஒன்றே ஒன்றுதான், எப்போ திரும்பப் போறே? போகவில்லை, வேலை முடிந்துவிட்டது, இனி இங்கேதான் என்றால், சரி சரி, எப்போ போறே என்கிறார்கள். தம்பி வீட்டில் அவள் பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில் பெட்டியாகவே இருந்தது, தம்பி பெண்டாட்டி நல்லவள்தான், ஆனால் ஒரு நல்ல டம்ளரை இன்னும் அவளுக்கென்று தனியாக எடுத்து வைக்கிறாள், விருந்தாளிக்கு வைப்பது மாதிரி. இந்த ரயிலில் ஏறினால் ஒரு தடவையாவது இந்த ஊரிலிருந்து இந்த ஊர்க்காரியாகக் கிளம்பலாம், இவர்களோடு புளிச்சோறு தின்று, இவர்கள் சண்டையைத் தீர்த்து, இவர்களோடு திரும்பி வந்து இறங்கலாம். ஸ்டேஷனுக்கு வருகிறவர்கள் எப்போ போறே என்று கேட்கமாட்டார்கள், எப்போ வருவே என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காக ரெண்டு ராத்திரி மேல் பெர்த்தில் மடங்கிப் படுக்கலாம், சப்பாத்தி தின்னலாம், இந்த ஜெபத்தையும் கேட்கலாம். கேட்டுக்கொண்டிருந்தாளா என்ன, டீச்சர் இப்போது எகிப்து தாண்டிவிட்டார்.

பாப். சொல்லிப்பார், மனசுக்குள்ளே சொல்லிப்பார், இதோ இது பல்பு, இது பல்லு. வித்தியாசம் ஒன்றும் மலையில்லை, எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும், பஸ்ஸைப் பல்லுக்கு வருகிற ப போட்டு எவனாவது சொல்கிறானா? பிழை வாயில் இல்லை, காகிதத்தில். தமிழில் எழுதினால் அதுவும் பாப், இதுவும் பாப், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே சட்டை. எழுதிக் கொடுத்தவள் அவள். முதல் நாளே பெர்சிஸ் கேட்டாளே, ஆன்ட்டி, இங்கிலீஷ் எழுத்துல போட்டுத் தாங்க, எங்களுக்கு ஈஸியா இருக்கும் என்று. அதற்கு லீதியாள் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தாளே, நான் அத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து தமிழில் எழுதுகிறேன், நீங்கள் உள்ளூரில் இருந்துகொண்டு இங்கிலீஷ் கேட்கிறீர்களா, தமிழில் இல்லாத சத்தம் உண்டா என்று. உண்டு, ஆண்டவரே, உண்டு, சத்தம் உண்டு, எழுத்துதான் இல்லை. அதுவும் அவளுக்குத் தெரியாததா? எட்டாவது வரை தமிழில் படித்து ஒன்பதாவதில் இங்கிலீஷ் மீடியத்துக்குத் தூக்கிப் போட்டபோது பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலைக்குமேல் பென்சிலால் தமிழில் எழுதிவைத்துப் படித்தவள்தானே, இங்கிலீஷ் கரடியையும் பேர் என்றே எழுதிவைத்து, காட்டிலிருந்து கரடி வந்தது என்று படிக்கவேண்டியதைக் காட்டிலிருந்து பேரிக்காய் வந்தது என்று நிமிர்ந்து நின்று படித்தவள்தானே, மிஸ் சிரித்தாள், வகுப்பு சிரித்தது, அந்த வருஷம் முழுக்க அவளுக்குப் பேரு பேரிக்காய். மஸ்கட்டில் நிலைமை தலைகீழ். அரபியில் பல்லுக்கு வருகிற ப கிடையவே கிடையாது, எல்லாம் பல்புதான், அவளுடைய ஓமானி மேலாளர் வண்டி நிறுத்துகிற பார்க்கிங்கை நாய் குரைக்கிற பார்க்கிங்காக்குவார், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த மனிதரிடம் இந்த நாடகத்தைக் கொடுத்திருந்தால் அப்பாவை ஒழுங்காக அப்பா என்று கூப்பிட்டிருப்பார், அப்புறம் பாவத்தையும் அப்பா என்றே சொல்லியிருப்பார், அப்பா, நான் அப்பா செய்தேன். அரபியில் பாப் என்றால் கதவு, அது வேறு. ஒரே எழுத்துக்கூட்டில் அப்பாவும் பாவமும் கதவும் நிற்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஜெபத்தில் சிரிப்பு வந்தால் ஒரே வழி அழுகிற மாதிரி தோளைக் குலுக்குவதுதான், குலுக்கினாள், பின்னாலிருந்து யாரோ இரக்கத்தோடு அவள் தோளில் கை வைத்தார்கள்.

பிதாவே! டீச்சர் மறுபடி கூப்பிட்டபோது லீதியாள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். பிதா. ஹிந்தியிலும் பிதாதானே? சுத்தமான ஹிந்தி, கோயிலில் சொல்கிற ஹிந்தி, எந்தப் ப போட்டாலும் புரிகிற ஹிந்தி. ஞாயிறுதோறும் இந்தப் பிள்ளைகள் சொல்கிற வார்த்தை. அது அவளுக்கு முதல் நாளே தோன்றியது, தோன்றியதைத் தள்ளிவைத்தாள், ஏனென்றால் பிதா என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள், ஆன்ட்டி, இது தமிழ்தானே என்பார்கள், இதுக்கா மஸ்கட் போனே என்று டீச்சர் கேட்பார், பாப் என்றால் அசல் சரக்கு மாதிரி இருக்கும் என்று எடுத்து நீட்டினாள். அசல் சரக்குதான். இப்போது அந்தக் கிராமம் கண்ணுக்குள் வந்தது, அவள் போகாத கிராமம், ஆலமரமோ என்னமோ ஒரு மரம், அதற்கடியில் பாய், பாயில் குழந்தைகள், பின்னால் தலையில் முக்காடிட்ட பெண்கள், பஞ்சுத் தாடியோடு கிங்ஸ்லின் நடந்து வருகிறான், ரெனிஷ் அவனைப் பார்த்துக் கைநீட்டி, அதோ என் பாவம் வருகிறது என்கிறான். பாவம் ஓடிவந்து மகனைக் கட்டிக்கொள்கிறது. பாவம் மகனுக்குப் புது அங்கி போடுகிறது, விருந்து வைக்கிறது. நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து, உங்களுக்கும் பரலோகத்தில் ஒரு பாவம் இருக்கிறது, அது உங்களை நேசிக்கிறது என்று பாடுகிறார்கள். அந்த ஜனங்கள் சிரித்தால்கூடப் பரவாயில்லை. மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, டீ கொடுத்து அனுப்பினால்? இவ்வளவு தூரத்திலிருந்து ரயில் ஏறி வந்து பாவத்தைப் புகழ்கிறார்களே, தெற்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டால்?

சொல்லிவிடலாம். ஜெபம் முடிந்ததும் எழுந்து, பிள்ளைகளே, ஒரு சின்னத் திருத்தம். சொன்னால் டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் அப்பவே சொன்னேன் ஐயரே, குடோன் ஹிந்தியை நம்பாதீங்கன்னு என்பார், ஐயர் தாடையைத் தடவுவார், பெர்த் போய்விடும். சொல்லாமல் இருக்கலாம். பெர்த் கிடைத்தால் ரயிலில் ஏறி, வண்டி மதுரை தாண்டியதும், ரெனிஷ் இங்கே வா, இந்த வார்த்தையை பஸ்ஸுக்குச் சொல்கிற மாதிரி சொல்லு என்று முறுக்கைக் கையில் கொடுத்துத் திருத்திவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது. ஆண்டவரே, எனக்கு அந்த பெர்த்தைக் கொடும், நான் உமது பெயரைக் காப்பாற்றுகிறேன். இது நியாயமான பேரம்தானே? ஆனால் பெர்த் டீச்சருக்குக் கிடைத்தால்? அப்போதாவது சொல்லியாகவேண்டும், அப்போது சொன்னால் கிடைக்காத வயிற்றெரிச்சலில் சொல்கிறாள் என்பார்கள். ஆகவே கொடுத்தால் சொல்லவேண்டாம், கொடுக்காவிட்டால் சொல்லமுடியாது, ரெண்டு பக்கமும் வாயை மூடியிருப்பதுதான் ஆண்டவர் சித்தம் என்று கணக்கு முடிந்தது, முடிந்த கணக்கு ரொம்ப வசதியாக இருந்ததால் மறுபடி முதலிலிருந்து போட்டாள். இத்தனை நாள் காது எங்கே போயிருந்தது? முதலிரண்டு நாள் அவள் வாயால் சொல்லிக்கொடுத்தாள், அப்புறம் தொண்டை கட்டிக்கொண்டது, பிள்ளைகள் காகிதத்தைப் போனில் படம் எடுத்துவைத்துப் படிக்க ஆரம்பித்தார்கள், அவள் நாற்காலியில் உட்கார்ந்து தான் எழுதியதைத் தானே கேட்டாள், அவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. அது ஹிந்தியில் மட்டும் இல்லை, தம்பி பெண்டாட்டி அந்த நல்ல டம்ளரை ஏன் தனியாக வைக்கிறாள் என்று இவளே ஒரு வசனம் எழுதி வைத்துக்கொண்டு... சீ, டம்ளர் இப்போது எதற்கு.

“லீதியாளுக்காக ஸ்தோத்திரம், ஆண்டவரே.” விசிறி நின்ற மாதிரி இருந்தது. டீச்சரின் குரல் ஜெபத் தமிழிலிருந்து இறங்கி வீட்டுப் பேச்சுக்கு வந்திருந்தது. “அவ வந்தப்போ அடியாள் வேற மாதிரி நெனச்சேன், நீர் அறிவீர். நாலு காசு பாத்தவ, நமக்கு எங்க அடங்குவான்னு நெனச்சேன். ஆனா தொண்டை கட்டுனப்பவும் கஷாயத்தைக் குடிச்சிட்டு வந்து உக்காந்தாளே. இந்தப் பிள்ளையளைப் பெத்த தாய்கூட இப்படி உக்காரமாட்டா. எனக்கோ முட்டு வலி, மேல் பெர்த்துல என்னைக் கிரேன் வச்சித்தான் ஏத்தணும்.” யாரோ சிரித்து இருமலாக்கினார்கள். “அவளே போயிட்டு வரட்டும் ஆண்டவரே, ஐயருக்கும் அந்தச் சிந்தையைக் கொடும்.” ஐயரிடமிருந்து ஸ்தோத்திரம் என்று ஒரு நிம்மதியான முனகல் வந்தது, அந்தச் சிந்தை கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டதா? இவ்வளவுதானா? பேரம் படிந்துவிட்டது, இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வியாழக்கிழமை, மதுரை தாண்டி, முறுக்கு. லீதியாளின் மூடிய கண்ணில் தண்ணீர் முட்டியது, நிஜத் தண்ணீர், இந்தத் தடவை தோள் குலுங்கவில்லை. “இந்த ஜெபத்தை” என்றார் டீச்சர், குரலில் லேசாக ஒரு நடுக்கம், மேடையேறப் போகிற சின்னப்பிள்ளை நடுக்கம், “அவ சொல்லிக்கொடுத்தபடியே முடிக்கிறேன் ஆண்டவரே, பிள்ளையள்ட்ட கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கேன், தப்பிருந்தா மன்னியும்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “பாப், பேட்டா, பவித்ர ஆத்மா கே நாம் ஸே...” பல்லு. தெளிவான, அழுத்தமான, மத்யமா பாஸ் செய்த பல்லு. பாவத்தின் பெயரால், குமாரனின் பெயரால். ஹால் முழுக்க மூச்சை இழுத்தது, அத்தனை வாயும் ஒரே ஆமெனுக்குத் திறந்தது, லீதியாள் எந்த முடிவுக்கும் வந்திருக்கவில்லை, அவள் வாய்தான் வந்திருந்தது.

“ஆமென் சொல்லாதீங்க!”

எல்லாக் கண்ணும் திறந்தது. கிங்ஸ்லினுக்குத் தாடி ஒரு பக்கம் தொங்கியது.

“ஏட்டி” என்றார் டீச்சர். “ஜெபத்துக்குள்ள குறுக்க வாறியா?”

“டீச்சர், தப்பு என்னுது. நான் எழுதிக் குடுத்ததுல தப்பு. பாப்னா அப்பா, அது பஸ்ஸுக்குச் சொல்லுவோம்லா, அந்தப் ப. பல்லுக்குச் சொல்லுத ப போட்டா பாவம். நாம இவ்வளவு நேரம் பாவத்தின் நாமத்துல...”

ரெனிஷ் மெதுவாகக் கணக்குப் போட்டான். “அப்போ ஆன்ட்டி, நான் முட்டி போட்டு அழுதது யாரைப் பாத்து?”

“உங்க பாவத்தைப் பாத்துதாம்ல” என்றான் கிங்ஸ்லின், தாடியை அழுத்தி ஒட்டிக்கொண்டே. அதோடு ஹால் உடைந்தது. பெர்சிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஆண்பிள்ளைகள் ஒருத்தனை ஒருத்தன் பாவமே என்று கூப்பிட்டுக் கட்டிப்பிடித்தார்கள், ஐயர் அடக்கவேண்டிய இடத்தில் இருந்துகொண்டு கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. லீதியாள் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தா போகிறது பெர்த், இந்தா போகிறது வியாழக்கிழமை.

“ஐயரே, யாரும் ஆமென் சொல்லலைல்லா?” என்று டீச்சர் கேட்டார்.

“இல்லம்மா. நான் ஆ வரைக்கும் போயிட்டேன். நிறுத்திட்டேன்.”

“அப்போ ஜெபம் இன்னும் போய்ச் சேரலை.” டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “ஏன்ட்டி, பெர்த்து கையில வந்தப்பொறவு சொல்லுதியே, ரெண்டு நிமிஷம் முன்னாடி சொல்லியிருந்தா, தப்பு தெரிஞ்சும் விட்டுக்குடுத்தவன்னு நான் பேர் வாங்கியிருப்பேன்லா?” என்றார், உடனே பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டார். “சிரிச்சது போதும்ல. இனி இவ எழுதிக் குடுக்கத எவனும் படிக்கப்பிடாது. வண்டியில ரெண்டு ராத்திரி இருக்கு, பக்கத்துல உக்காந்து இவ வாயைப் பாத்துப் படிங்க, தூங்கவிடாதீங்க இவளை. இப்போ இந்த ஜெபத்தை இவளே முடிக்கட்டும். ஒருத்தரும் கண்ணை மூடாதீங்க. உதட்டைப் பாருங்க.”

இந்தச் சேகரத்தில் லீதியாள் இதுவரை வாய்விட்டு ஜெபித்ததில்லை. அத்தனை ஜோடிக் கண்ணும் அவள் வாயில் வந்து உட்கார்ந்தன, மேலுதட்டு வியர்வையை நக்கிக்கொண்டாள், அது உப்பாக இருந்தது, மதியச் சாப்பாட்டு மீன்குழம்பு ஏப்பம் ஒன்று வேண்டாத நேரத்தில் எட்டிப்பார்த்துவிட்டுப் போனது, பிதா என்று சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, பிறகு உதட்டைச் சேர்த்து, வயிற்றிலிருந்து, பல்பு எரிகிற மாதிரி முதல் வார்த்தையைச் சொன்னாள். ஹால் அதைத் திருப்பிச் சொன்னது, கொஞ்சம் பஸ் கண்டக்டர் கூப்பிடுகிற மாதிரி இருந்தாலும் சரியாகவே சொன்னது. அப்பா, மகன், பரிசுத்த ஆவி, ஒவ்வொருவராகத் தத்தம் இடத்தில் வந்து நின்றார்கள். எல்லாக் குரலுக்கும் மேலே, எல்லாருக்கும் ஒரு எட்டு முன்னால், ஜெயசீலி டீச்சரின் குரல் கேட்டது, தெளிவாக, அழுத்தமாக, பல்லுக்கு வருகிற ப போட்டு. பெர்சிஸ் லீதியாளைப் பார்த்தாள். லீதியாள் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னாள்.